மூச்சிரைக்கும் பெண்

தமிழ்த் திரையில் ஒரு பெண் ஓட வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். அப்பாவின் கண்ணீர், பயிற்சியாளரின் சவால், நாட்டின் கொடி, இல்லையென்றால் ஒரு காதல் ஏமாற்றம். ஓடினால் உடம்புக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓடுகிற பெண்ணை நம் படங்களில் பார்ப்பது அரிது. திரைக்கு வெளியிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மும்பைப் பெண்களின் நடமாட்டத்தைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சேர்ந்து எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ (2011) என்ற ஆங்கில நூலின் மைய வாதமே இதுதான். பொதுவெளியில் நிற்கும் பெண் ஒரு வேலையாகத்தான் வந்திருக்கிறேன் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காய்கறிப் பையோ பள்ளிக் குழந்தையோ கையில் இருந்தால் யாரும் கேட்பதில்லை. உடற்பயிற்சிக்காக வெளியே வரும் பெண்ணிடம் காட்டுவதற்கு இருப்பது அவளுடைய உடம்பு மட்டும்தான். எல்லோருடைய கண்ணும் அதன்மேல் விழுகிறது.

நடைப்பயிற்சியைத் தொடங்கி நிறுத்திவிட்ட பெண்களிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நேரமில்லை என்பது முதல் பதிலாக இருக்கும். அந்தப் பதிலும் பொய்யில்லை. காலை ஐந்தரை மணியில் இருந்து வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இன்னும் கொஞ்சம் பேசினால் மற்றவையும் வரும். டி-ஷர்ட் போட்டால் மார்பு அசைவது தெரிகிறது, துப்பட்டா போட்டால் ஓட முடியவில்லை. வியர்வையில் முதுகு நனைந்தால் கூச்சமாக இருக்கிறது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிப் போவது, கொஞ்சம் இளைத்த பிறகு போகலாம். இளைப்பதற்காகத்தான் போகவே நினைத்தோம் என்பது அந்த வாக்கியத்திலேயே மறந்துபோகிறது.

இந்தப் பதற்றத்தை நேராகத் தொட்ட ஒரே பெரிய படம் என்று ‘இஞ்சி இடுப்பழகி’யை (2015) சொல்லலாம். பருமனான பெண்ணைக் கதையின் நடுவில் வைத்த படத்துக்கே இடையைப் புகழும் பெயர்தான் கிடைத்தது என்பதில் இயக்குநர் பிரகாஷ் கோவெலமுடியின் கிண்டலும் இருக்கிறது, நம் திரைமரபின் வறுமையும் இருக்கிறது. ஊர்வசி நடித்த அம்மா, மகளின் எடையைக் கல்யாணச் சந்தையின் தராசில்தான் நிறுக்கிறார். மகள் சௌந்தர்யா மெலிய முயல்கிறாள். சீக்கிரம் இளைக்க வைப்பதாக ஆசை காட்டும் ஒரு நிறுவனம் அவள் தோழியின் சிறுநீரகத்தைப் பாழாக்குகிறது. கூச்சத்தைக் காசாக்கும் வியாபாரம் ஒன்று இருக்கிறது, அதற்கு முகம் உண்டு, முகவரி உண்டு என்று காட்டியது படத்தின் நல்ல காரியம்.

ஆனால் சௌந்தர்யாவை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் படம் அவளை அளவுக்கு மீறி நல்லவளாக்கிவிடுகிறது. அவள் எல்லோரையும் சிரிக்க வைக்கிறாள், எல்லோருக்காகவும் போராடுகிறாள். ஒல்லியான நாயகிக்கு இந்த நற்சான்றிதழ் தேவைப்பட்டதில்லை. படத்துக்கு வெளியே நடந்தது இன்னும் மோசம். பாத்திரத்துக்காக எடை கூட்டிய அனுஷ்காவின் நடிப்பைப் பற்றிய பேச்சு சில வாரங்களில் அடங்கியது. அவர் இளைத்துவிட்டாரா இல்லையா என்ற செய்தி பல ஆண்டுகள் ஓடியது. எடையைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொன்ன படத்தின் நாயகியை ஊடகங்கள் எடைக்கருவியிலிருந்து இறங்கவே விடவில்லை.

‘பிகில்’ (2019) எடுத்த வழி வேறு. அட்லீ இயக்கிய இந்தப் படத்தில் மகளிர் கால்பந்து அணியின் ஆட்டக்காரர்களில் ஒருத்தி பாண்டியம்மா, பருமனானவள். ஆட்டத்தில் அவள் சோர்ந்திருக்கும்போது பயிற்சியாளரான நாயகன் மற்றவர்கள் முன்னால் அவள் பருமனைச் சொல்லித் திரும்பத் திரும்ப இழிவுபடுத்துகிறான். அவளுக்கு ரோஷம் பொங்குகிறது, ஆட்டம் மாறுகிறது. அவமானம் மருந்தாக வேலை செய்ததாகப் படம் கணக்கை முடிக்கிறது. வெளியான நாட்களிலேயே இந்தக் காட்சி கண்டனத்துக்கு உள்ளானது. அதற்குக் கிடைத்த பதில், அவளை உசுப்பத்தானே சொன்னான் என்பது.

இந்தப் பதிலை நாம் வீட்டிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்பதன் மறுவடிவம் இது. எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்டவர்கள் உடற்பயிற்சியைத் தவிர்க்கத் தலைப்படுகிறார்கள் என்று உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு ஆய்வுகூட வேண்டியதில்லை. விளையாட்டுப் பாடவேளையில் வயிற்றுவலி என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்த பெண்களை எண்ணினால் போதும். மைதானத்தில் அவமானப்பட்டவள் அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போவதில்லை. பாண்டியம்மா போனாள் என்றால், திரைக்கதையில் அவளுக்கு வேறு வழி எழுதப்படவில்லை. அதே படத்தில் திருமணமான ஆட்டக்காரி கணவன் வீட்டிலிருந்து ஆட வருவதற்கும், அமில வீச்சுக்கு ஆளான ஆட்டக்காரி அறையிலிருந்து வெளியே வருவதற்கும் நாயகனின் பேச்சுதான் தேவைப்படுகிறது. மூன்று பெண்களின் மூன்று உடம்புகளுக்கும் சாவி ஒரே ஆணின் பையில் இருக்கிறது.

உடலைப் பற்றிய கூச்சம் ஆட்டத்தை என்ன செய்யும் என்பதைப் பெண்ணியச் சிந்தனை வெகுகாலமாக யோசித்து வந்திருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1980ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையில், பெண்கள் பந்தை வீசும்போது ஏன் முழு உடம்பையும் பயன்படுத்துவதில்லை என்று கேட்டார். உடம்பை வைத்து ஒரு காரியம் செய்துகொண்டிருக்கும்போதே, அந்த உடம்பு மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்றும் பெண் கவனித்துக்கொண்டிருக்கிறாள். கவனம் இரண்டாகப் பிரிவதால் கை பாதியில் நின்றுவிடுகிறது. 2005இல் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் கிறிஸ்டன் ஹாரிசனும் வளரிளம் பெண்களைப் பந்து வீசச் சொல்லி இதைச் சோதித்தார்கள். தன் தோற்றத்தையே தானாக எண்ணும் போக்கு கூடக் கூட வீச்சின் தரம் குறைந்தது. ‘பிகில்’ நாயகன் சோர்ந்திருந்த ஆட்டக்காரியிடம் உன் தோற்றத்தைப் பார் என்கிறான். வீச்சைக் கெடுப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

‘எதிர்நீச்சல்’ (2013) இந்தக் கேள்வியை இன்னும் கொடுமையான இடத்துக்குக் கொண்டுபோயிருக்க முடியும். அதில் வரும் வள்ளி என்ற ஓட்டக்காரி, புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை நினைவுபடுத்துகிறாள். 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தியிடமிருந்து, பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னர் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த செய்தியும் வந்தது. உன் உடம்பு போதுமான அளவு பெண்ணுடம்பு இல்லை என்று ஒரு நிறுவனமே அறிவித்தால் அதன் பிறகு அந்த உடம்போடு காலையில் எழுந்து ஓடுவது எப்படி? படம் இந்தக் கேள்வியின் அருகில் வந்து, வள்ளியின் வலியை ஒரு முன்கதையாகச் சொல்லிவிட்டு, அவளை நாயகனின் மாரத்தானுக்குப் பயிற்சியாளர் ஆக்கிவிடுகிறது. ஓட வேண்டியவள் கையில் விசில் இருக்கிறது.

‘இறுதிச்சுற்று’, ‘கனா’ இரண்டையும் இதே தட்டில் வைக்க முடியாது. சுதா கொங்கராவின் மதி வாய்த்துடுக்குள்ள மீன்காரி. அவளாக நடித்த ரித்திகா சிங் உண்மையிலேயே சண்டை விளையாட்டு வீராங்கனை என்பதால் குத்து விழும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்புகின்றன. ‘கனா’வின் கௌசல்யா ஊர்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடும்போது அவள் உடம்பைப் படம் கடை பரப்புவதில்லை. இந்த இரு நாயகிகளும் ஒல்லியானவர்கள் என்பதால் கண்ணாடியைப் பற்றிய கேள்வியே எழவில்லை. ஒருத்தியின் வெற்றி பயிற்சியாளர் மீதான காதலிலும், இன்னொருத்தியின் வெற்றி விவசாயி அப்பாவின் கடனிலும் போய்ச் சேர்கிறது. காரணச் சீட்டு இங்கும் உண்டு, கொஞ்சம் கௌரவமான கையெழுத்தோடு.

எந்தப் படமும் காட்டாதது சாதாரண மூச்சிரைப்பை. பதற்றம் உள்ள பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பீதி வரும்போதும் இதே மூன்றுதான் நடக்கின்றன. முன்பு ஒருமுறை பேருந்திலோ தேர்வறையிலோ அந்தப் பீதியை அனுபவித்தவளுக்கு, பூங்காவில் இரண்டாவது சுற்றில் நெஞ்சு அடிக்கத் தொடங்கியதும் அது திரும்பி வந்துவிட்டது என்று தோன்றும். சோம்பல் என்று வீட்டார் பெயர் வைப்பதில் பாதி இந்தப் பயம்தான். நடையை நிறுத்தினால் சில நிமிடங்களில் படபடப்பு தணியும் என்பதை உடம்பு மெதுவாகத்தான் கற்றுக்கொள்கிறது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம்தான் மிதமான வேகம் என்று மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல் இதற்கு உதவும். கூட ஒரு தோழி இருந்தால் பேசிப் பார்த்துக்கொள்ளலாம். நேற்று பத்து நிமிடம், இன்று பன்னிரண்டு என்று நேரத்தை எண்ணுகிறவளுக்கு, கிலோவை எண்ணுகிறவளைவிட மறுநாள் செருப்பை மாட்டுவது எளிது. மூச்சிரைப்பு நடக்காத நேரத்திலும் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கு எளிது. அந்த 150 நிமிடம் எந்தத் தெருவில், எந்த வெளிச்சத்தில், எந்த உடையில், யார் கண் முன்னால், சமையலை யார் பார்த்துக்கொள்ள என்பதைக் கணக்கு சொல்வதில்லை. அதைச் சொல்லும் இடம் கலை. நாற்பது வயதில் முதல்முறை ஷூ வாங்கும் ஒருத்தி, சல்வாருக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு, மொட்டைமாடியில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து நடப்பதில் ஒரு முழுப் படத்துக்கான கதை இருக்கிறது. அதில் பதக்கம் தேவையில்லை, அவள் இளைக்கவும் தேவையில்லை.

அதுவரை, இருக்கிற படங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். அவளுக்கு மூச்சிரைக்கும்போது கேமரா எங்கே நிற்கிறது? அவள் பக்கத்தில் நின்று அவள் பார்ப்பதைப் பார்க்கிறதா, எதிரில் நின்று அவளைப் பார்க்கிறதா? காலையில் நாம் நடக்கப் போகும்போது நமக்குள்ளும் அப்படி ஒரு கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர்களில் இந்தப் படங்களும் உண்டு. அதன் இடத்தை மாற்றும் வேலையை, சும்மா நடக்கப் போகிற ஒவ்வொரு பெண்ணும் தொடங்கிவிட்டாள்.