சுவருக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் பழைய வீடு. இரண்டடி கனத்துக்குக் கருங்கல் சுவர். தாத்தா திருடனுக்குப் பயந்து கட்டியது. இப்போது வை-ஃபையைத் தடுக்கிறது. ரூட்டர் முன்கட்டில். பின்கட்டில் சிக்னல் ஒரே கோடு, அதுவும் கதவைத் திறந்து வைத்தால்தான்.

'பவர்லைன் அடாப்டர்' என்று ஒரு ஜோடி டப்பா வாங்கினேன். ஒன்றை ரூட்டருக்குப் பக்கத்து பிளக்கில் செருகுங்கள், மற்றதைப் பின்கட்டில். சுவருக்குள் ஓடும் மின்கம்பியே இன்டர்நெட்டையும் சுமக்கும். எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். "கரண்டே ஒழுங்கா வரமாட்டேங்கு, இதுல இன்டர்நெட் வேறயா அண்ணாச்சி?" என்றார்.

விஷயம் மாயமில்லை. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அதன் முதுகில் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய அலைகளை ஏற்றி அனுப்புகிறார்கள். யோசனை பழசு. துணை மின்நிலையங்கள் உயர் அழுத்தக் கம்பி வழியே ஒன்றோடொன்று பேசுவதும் இப்படித்தான். அடுத்த முறை பார்த்தால் கவனியுங்கள், கம்பியில் பீப்பாய் மாதிரி ஒரு சுருள் தொங்கும். பேச்சு வேறு பக்கம் ஓடிவிடாமல் தடுக்கும் காவலாளி அது.

என் புகார் அட்டைப்பெட்டி மீது. 2001-ல் வந்த முதல் ஹோம்ப்ளக் தரம் 14 மெகாபிட், 2005-ல் 200. என் பெட்டியில் 600. இது போக்கையும் வரத்தையும் சேர்த்துச் சொல்லும் கச்சா வேகம். இரண்டுக்கும் பாதை ஒன்றே, அதிலும் ஒரு பங்கு நிர்வாகச் செலவு. வேடிக்கை என்னவென்றால், 600 என்று போட்ட சில மாடல்களில் கேபிள் செருகும் துளையே 100-க்கு மேல் தாங்காது! எனக்குக் கிடைத்தது 40. அம்மா மிக்ஸி போட்டால் அதுவும் தள்ளாடுகிறது.

பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பவை: சர்ஜ் புரொடெக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது, அது இந்த அலைகளையும் விழுங்கிவிடும். த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டு டப்பாவும் வேறு வேறு ஃபேஸில் விழுந்தால் வேகம் சரியும். 'பேர்' பட்டனை அழுத்தி ரகசியச் சாவியை மாற்றாவிட்டால் பக்கத்து ஃபிளாட்காரரும் விருந்தாளி ஆகலாம்.

இன்னொன்றும் உண்டு. 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் என்பது சிற்றலை வானொலியின் வீடு. 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செத்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் ரேடியோதான் வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னது. வீட்டு டப்பாக்கள் ஹாம் அலைவரிசைகளை ஒதுக்கி விடுகின்றன, அது நாகரிகம். ஆனால் அமெரிக்காவின் மனாசஸ் நகரம் தெருக் கம்பியிலேயே இன்டர்நெட் விட்டது. ஹாம்காரர்கள் இரைச்சல் என்று புகார் செய்தார்கள், வாடிக்கையாளர்களும் குறைந்தார்கள், 2010-ல் மூடிவிட்டார்கள். சுனாமியையும் 2017-ல் ஒக்கியையும் பார்த்த நம் கடற்கரைக்கு, வானத்தின் அமைதி ஆடம்பரமில்லை.

என் தீர்ப்பு? சுவரில் துளை போட முடிந்தால் லேன் கேபிள் இழுங்கள். முடியாதென்றால், திருப்பித் தரலாம் என்ற உத்தரவாதத்தோடு இதை வாங்குங்கள். வேகம் கடையில் தெரியாது. உங்கள் வீட்டு ஒயரிங்தான் சொல்லும்.

நான் திருப்பித் தரவில்லை. பின்கட்டில் பேரனின் முகத்தை வீடியோவில் பார்க்க அம்மாவுக்கு அந்த 40 போதும். மிக்ஸியை மட்டும் அப்போது நிறுத்திவிடுகிறாள்.