யன்னலும் உழைப்பும்: றோசன்வால்ட் கிராமப் பள்ளிகளின் கட்டட அமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

கோயில்களையும் அரண்மனைகளையும் பற்றி விரிவாகப் பேசும் கட்டடக்கலை வரலாறு, கிராமப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசுவது அரிது. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கென 1912 முதல் 1932 வரை எழுந்த ஏறத்தாழ 5,000 றோசன்வால்ட் பள்ளிகள் இதற்கு ஒரு விதிவிலக்கு. ஆயினும் அவற்றின் பெயரே ஒரு கொடையாளியின் பெருந்தன்மையை முதன்மைப்படுத்துகின்றது. கட்டடத்தையே சான்றாகக் கொண்டு நோக்குமிடத்து வேறொரு வரலாறு புலப்படுவதை நாம் காணலாம்.

சிக்காகோ வணிகர் யூலியஸ் றோசன்வால்டும் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் ரி. வாஷிங்டனும் இணைந்து அலபாமாவில் இத்திட்டத்தைத் தொடங்கினர். ஆரம்பகால வரைபடங்களை ரஸ்கீகி கல்வி நிலையத்தின் கறுப்பினக் கட்டடக்கலைஞரான றொபேட் ரெய்லரும் அவர்தம் சகாக்களும் ஆக்கினர். 1920 இன் பின்னர் சாமுவேல் சிமித்தின் பொறுப்பில் அவை மேலும் செம்மையாக்கப்பட்டன.

இப்பள்ளிகளின் தனித்துவம் யன்னல்களிலேயே தங்கியுள்ளது. மின்வசதியற்ற கிராமங்களில் பகலொளியே விளக்காயிற்று. எனவே உயர்ந்த யன்னல்கள் வரிசையாக நெருக்கி அமைக்கப்பட்டன. வகுப்பறைக்குக் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ ஒளி கிடைக்குமாறு, காணியின் திசைக்கேற்ப வெவ்வேறு வரைபடங்கள் வழங்கப்பட்டன. ஒளி பிள்ளையின் இடப்புறத்தால் வருமாறு ஆசனங்கள் இடப்பட்டமையால், வலக்கையால் எழுதுவோரின் கைநிழல் தாளில் விழவில்லை. இரு வகுப்பறைகளுக்கு இடைப்பட்ட தடுப்பை நீக்கியதும் பள்ளி ஊர்மக்களின் கூட்ட மண்டபமாயிற்று.

ஆயின் அதே கூரையின் கீழ் ஒரு தொழிற்பயிற்சி அறையும் இடம்பெற்றது. தையல், சமையல், கைவேலை என்பன கறுப்பினப் பிள்ளைகளுக்கு உகந்த கல்வியெனக் கொண்ட சமரச நோக்கின் வெளிப்பாடு இது. இந்நோக்கினை டு பொய்ஸ் 1903 இலேயே கண்டித்திருந்தார். வகுப்பறை அறிவுலகிற்கும், தொழிலறை பழைய உழைப்பு ஒழுங்கிற்கும் வழிகாட்டின. இம்முரண்பாட்டை வரைபடமே பதிவுசெய்துள்ளது.

செலவுக் கணக்கு மேலும் தெளிவானது. மொத்தச் செலவான ஏறத்தாழ 280 இலட்சம் டொலரில் றோசன்வால்டின் நிதி சுமார் 43 இலட்சம்; கறுப்பின மக்கள் திரட்டியது சுமார் 47 இலட்சம். அவர்கள் காணியும் மரமும் உடலுழைப்பும் ஈந்தனர். எஞ்சியதிற் பெரும்பகுதி பொதுவரிப் பணம்; அவ்வரியை அவர்களும் செலுத்தியிருந்தனர். வெள்ளையரின் பிள்ளைகளுக்கு அரசு தன் கடமையாகச் செய்ததை, இம்மக்கள் இருமுறை விலைகொடுத்துப் பெற்றனர். அவ்வாறு எழுந்த கட்டடமும் பொதுப் பள்ளி அதிகாரிகளின் உடைமையாயிற்று.

இனப்பிரிப்புக் கல்வியைச் சட்டவிரோதமாக்கிய 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்த காலத்தில் இப்பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. 2002 இல் அவை அழிவை எதிர்நோக்கும் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. பத்தில் ஒரு பங்களவே எஞ்சியுள்ள இக்கட்டடங்களைப் பேணுவது வரவேற்கத்தக்கது. ஆனால் மரச்சுவரையும் யன்னலையும் பேணி, அவற்றை எழுப்பியோரின் பங்களிப்பைக் கொடையாளியின் பெயருக்குள் மறைப்பது அரைகுறை வரலாறே என்பது எமது கருத்தாகும்.