மணிமேகலையில் துணைமாந்தர்

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் என வழங்கப்பெறுவன. உ. வே. சாமிநாதையர் முன்னதை 1892ஆம் ஆண்டிலும் பின்னதை 1898ஆம் ஆண்டிலும் பதிப்பித்துத் தந்த நாள்தொட்டு, இரண்டையும் ஒரு தட்டில் வைத்துப் பாராட்டுவதே நம் வகுப்பறை மரபாயிற்று. வெளிவாரிப் பட்டத் தேர்வுக்கெனத் தனியே இருந்து படித்த காலத்தில் யானும் அம்மரபையே மனனம் செய்து எழுதினேன். பின்னர்த் தோட்டப் பாடசாலையொன்றில் அக்கதையை மாணவர்க்குச் சொல்லிவந்தபோது, ஒரு மாணவி, “மாதவி பிறகு என்ன ஆனாள், ஐயா?” என்று வினவினாள். உடனே விடையிறுக்க இயலவில்லை. நூலைப் புரட்டிப் பார்த்தபின்னரே அவ்வினாவின் கூர்மை விளங்கிற்று. மாதவி நூலில் இருக்கின்றாள். ஆயின் அவளுக்கு அங்கே செயல் இல்லை.

சிலம்பில் மாதவி எத்தகையள்? கானல்வரியில் யாழெடுத்துப் பாடி, தன் பாட்டாலேயே தன் வாழ்வை இழக்கின்றாள். வேனிற்காலத்தே வசந்தமாலை வழி விடுத்த ஓலையைக் கோவலன் மறுக்கின்றான். பின்னர்க் கோசிகன் கொணர்ந்த ஓலையைக் கண்டு, பிழை தன்னதே என உணர்கின்றான். கண்ணகியின் கதையில் துணைப்பாத்திரமாக வந்தவள், தன் துயரத்தால் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டாள். மணிமேகலையின் இரண்டாம் காதையிலும் அம்மாதவியே தோன்றுகின்றாள். இந்திர விழாவில் ஆடவருமாறு சித்திராபதி வசந்தமாலையை அனுப்ப, மணிமேகலை கண்ணகியின் மகளேயன்றிக் கணிகையர் குலத்து மகள் அல்லள் என்று மறுத்துரைக்கின்றாள். வயிற்றிற் பிறந்த மகளைத் தன்னால் துயருற்றவளுக்கு மகளாக்கும் அவ்வொரு சொல்லுக்காகவே சாத்தனாரைக் கைகூப்பலாம். அதன்பின் மாதவி, மகளைக் காணாது வருந்துபவளாகவும், அறவண அடிகளின் பின்னே நடப்பவளாகவும் தேய்ந்து விடுகின்றாள்.

சுதமதிக்கு நேர்ந்தது இதனினும் இரங்கத்தக்கது. சண்பை நகரத்து அந்தணன் மகளாகிய அவளை மாருதவேகன் என்னும் விஞ்சையன் கவர்ந்து சென்று கைவிடுகின்றான். மகளைத் தேடிப் புகார் வந்த தந்தை, பசு முட்டிக் குடர் சரிந்து அடைக்கலம் தேடி அலைகின்றான். சமணப்பள்ளியில் இடமின்றிப் போக, பௌத்தத் துறவி சங்கதருமன் ஏற்றுக் காக்கின்றான். தனியொரு காப்பியத்திற்குப் போதிய வாழ்வு இது. தொடக்கக் காதைகளிலே இதனைச் சொல்லி முடித்தபின், சுதமதி வினாக் கேட்பவளாகவும் செய்தி சுமப்பவளாகவும் மட்டுமே நின்று விடுகின்றாள்.

இத்தேய்விற்குக் காரணம் யாது? பழம்பிறப்பு என்னும் உத்தியே என்பது என் துணிபு. மணிபல்லவத்திலே பீடிகை கண்டு மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கின்றாள். அப்பிறப்பில் அவள் இலக்குமி. உதயகுமரன் அவள் கணவன் இராகுலன். தமக்கையராகிய தாரையும் வீரையுமே இப்பிறப்பில் மாதவியும் சுதமதியும் ஆயினர். முற்பிறப்பிலும் இப்பிறப்பிலும் அனைவரும் அவள் ஒருத்தியின் சுற்றமே. இவ்வாறு பிணைத்தபின் எவர்க்கும் தமக்கென ஒரு வழி இல்லாமற் போகின்றது.

பௌத்த அறம் உரைக்க எழுந்த நூல், பற்றறுத்தலே பொருளாகக் கொண்ட நூல், மாந்தர் தேய்வது இயல்பன்றோ எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. ஆயின், ஆதிரை பிச்சையிட்ட காதையை நோக்குக. பொருளிழந்து கடலோடிய கணவன் சாதுவன் மாண்டான் எனக் கேட்டுத் தீப்புகுந்தும் வேகாது நின்று, ‘தீயும் கொல்லாத் தீவினையாட்டி ஆயினேனே’ என ஏங்கும் பொருள்பட நிற்கின்றாள் ஆதிரை. ஒரே காதையில் வந்து போகின்றவள். எனினும் மறக்க ஒண்ணாதவள். அக்கதையைச் சொல்பவள் ஆனைத்தீ நோயால் பன்னீராண்டு பசித்த காயசண்டிகை. அறத்தையும் ஆளையும் ஒருங்கே காட்டச் சாத்தனார் வல்லார் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அதே காயசண்டிகையின் முடிவோ? பசி தீர்ந்து தன் ஊருக்குப் பறந்தவள், விந்தமலைக் காவல் தெய்வத்தால் விழுங்கப்பட்டாள் என்று, உதயகுமரனை வெட்டி நிற்கும் அவள் கணவனுக்குக் கந்திற்பாவை அறிவிக்கின்றது. அவ்வளவே. சிலம்பிலே மாதரி தீயிற் புகுந்ததும் மாடலன் வாய்ச் செய்தியாகவே வருகின்றது. ஆயின் அடைக்கலப் பொருளைக் காவாது இழந்தேன் என்னும் அவளது குற்றவுணர்ச்சி அச்செய்தியுள் இருக்கின்றது. காயசண்டிகையின் சாவிலே காவல் தெய்வத்தின் சினம் உண்டு. அவள் நெஞ்சம் இல்லை.

எம் மலையகத் தோட்டங்களில் மாசியிலே கம்பம் ஊன்றி ஆடும் காமன் கூத்தை அறிந்தோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். மதன் எரிந்தபின் கூத்து முடிந்துவிடுவதில்லை. இரதியின் புலம்பலுக்காகவே பனியில் கம்பளி போர்த்து மக்கள் விழித்திருப்பர். சாத்தனாரோ, உதயகுமரன் வெட்டுண்டபின் அவன் தாய் இராசமாதேவியைச் சில காதைகள் உயிரோடு இயங்கவிடுகின்றார். பித்தூட்டுகின்றாள், புழுக்கறையில் அடைக்கின்றாள், தீமையே ஆயினும் அது மகனை இழந்த வயிற்றின் தீமை. உடலுக்கு அழுதாயோ, உயிருக்கு அழுதாயோ என மணிமேகலை தொடுக்கும் வினாவோடு அத்தாய் அடங்குகின்றாள். வினா நுட்பமானது, மறுக்கவும் இயலாது. ஆயினும் ஈமத்தினின்று மீண்ட எந்தத் தாயிடமும் அதனைக் கேட்க எனக்கு நா எழாது.

அதற்குப்பின் வஞ்சி நகர். ஆண் துறவி வடிவு பூண்ட மணிமேகலை முன் அளவைவாதி முதலாகச் சமயவாதிகள் பதின்மர் தத்தம் கொள்கை உரைக்கின்றனர். இந்தியத் தத்துவ வரலாறு பயில்வார்க்கு அக்காதை கருவூலம். கதை பயில்வார்க்கு, முகமின்றிக் குரல் மட்டும் உள்ள பதின்மர். காட்சியன்றிப் பிற அளவை ஒவ்வேன் என்ற பூதவாதியிடம், நின் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என்று அவள் மடக்குமிடத்தில் மட்டும் ஒரு கணம் புன்னகை அரும்புகின்றது. காஞ்சியிலே மாதவியையும் சுதமதியையும் அவள் மீண்டும் காண்கின்றாள். எத்தனை கடல் கடந்து, எத்தனை சிறை கடந்து வந்த மகள்! தாய் ஏதேனும் சொல்வாள் என்று என் மாணவியும் யானும் அவ்விடத்தை இருமுறை படித்தோம். அறவணர் பேசத் தொடங்குகின்றார்.