தோழனும் தலைவனும்: நாவல் வாசிப்பில் ஒரு கணக்கு

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்த கதை தேசிங்குராஜன் கதை. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து மாண்ட தேஜ்சிங் என்னும் ராஜபுத்திர இளைஞன் மக்கள் வாய்மொழியில் தேசிங்கு ஆனான். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவனைத் தென்னார்க்காட்டு மக்கள் தங்கள் கதைத்தலைவனாக ஏற்றுக்கொண்டனர். அவனுடைய ஆருயிர்த் தோழனாக அக்கதையில் வருபவன் முகமது கான். தன் திருமணத்தையும் விட்டுவிட்டுத் தோழனின் அழைப்புக்குச் செவிசாய்த்துக் களம் புகுந்து உயிர் துறக்கிறான். எதிர்ப்படையை அனுப்பியவரும் முஸ்லிம், தோழனுக்காக விழுபவனும் முஸ்லிம் என்று கதை அமைந்திருப்பது நாட்டார் மனத்தின் நடுநிலைக்குச் சான்றாகும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகமது கானுக்கு வீரம் உண்டு, நட்பு உண்டு, புகழத்தக்க மரணமும் உண்டு; அவனுக்கென்று ஒரு கதை இல்லை. அவனுடைய தெரு எது, தாய் யார், மணப்பந்தலில் காத்திருந்த பெண்ணின் வாழ்வு என்னவாயிற்று என்னும் வினாக்களைக் கதை தன் மையமாக்கிக் கொள்ளவில்லை. நவீனத் தமிழ்ப் புனைவிலும் திரைப்படத்திலும் முஸ்லிம் பாத்திரம் நெடுங்காலம் இந்த இடத்திலேயே நின்றிருந்தது. ஆபத்தில் கைகொடுக்கும் பாய், நண்பனுக்காக அடிபடும் நண்பன் என்று வந்தவர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். கதை மட்டும் அவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே சென்றதில்லை.

இந்தப் பின்னணியில்தான் இன்று இளம் வாசகரிடையே பரவிவரும் ஒரு வழக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை நாவல் என்று வரையறுத்துக்கொள்வதோடு, அவற்றின் தலைமைப் பாத்திரங்கள் ஒரே சாதி, ஒரே சமயம், ஒரே பாலினம் சார்ந்தவர்களாக இருக்கலாகாது என்றும் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்கிறார்கள். இதனை வாசிப்புச் சவால் என்கின்றனர். இலக்கியத்தைக் குடிக்கணக்கு ஆக்குவதா, நல்ல நாவலைப் படிக்கப் பாத்திரத்தின் சாதிச் சான்றிதழ் எதற்கு என்று மூத்த வாசகர் சிலர் முகம் சுளிக்கின்றனர். இவ்வெதிர்ப்பை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால், கணக்கிடாத வாசிப்பு நடுநிலையானது என்று நம்புவதற்கும் ஆதாரம் இல்லை. கைக்கு எட்டியதைப் படிப்பவர், பதிப்பகமும் பாடத்திட்டமும் எட்டவைத்ததையே படிக்கிறார்.

கணக்கு எதைக் காட்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1962 முதல் 1964 வரை அங்கு வெளியான 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் என்பவர் ஆராய்ந்து 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை அவற்றுள் 349, அதாவது 6.7 விழுக்காடு. இதனினும் முக்கியமானது அவருடைய அடுத்த வினா. அந்தக் கறுப்பினத்தவர் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் வாழ்கிறார்கள் என்று அவர் கேட்டார். சமகால அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வாழ்வைச் சொன்னவை மொத்தத்தில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. முதல் எண் பாத்திரம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அப்பாத்திரத்துக்கு நிற்க மண் இருக்கிறதா என்பதை இரண்டாம் எண்ணே சொல்கிறது.

இவ்விரண்டாம் வினாவை நம் இலக்கிய வரலாற்றின்மீதும் வைத்துப் பார்க்கலாம். தமிழின் முதல் நாவலெனப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், இலங்கையின் சித்திலெப்பை அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். தமிழ் நாவலின் தொடக்க வரிசையிலேயே முஸ்லிம் ஒருவன் கதைத்தலைவனாகி விட்டான் என்பது பெருமைக்குரியது. ஆனால் அந்த அசன் எகிப்தில் பிறந்த உயர்குடியினன். ஆசிரியர் வாழ்ந்த கண்டியின் முஸ்லிம் தெரு அதில் கதைக்களமாகவில்லை. பெயரளவில் தலைமை கிடைத்தது. மண் கிடைக்க ஒரு நூற்றாண்டு சென்றது.

1988இல் நூலாக வந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ அந்த மண்ணைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அது ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அதன் நடுவில் நிற்கும் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி பெருந்தன்மையான பாய் அல்லர். அகந்தையும் அதிகாரமும் கொண்டவர். ஊரில் பள்ளிக்கூடம் வருவதை எதிர்ப்பவர். தம் வீழ்ச்சியைத் தாமே தேடிக்கொள்பவர். தவறு செய்யும் உரிமை பெற்றவர் என்பதாலேயே அவர் முழு மனிதராகிறார். முகமது கானுக்கு மறுக்கப்பட்டது இந்த உரிமைதான். நல்லவனாக மட்டும் இருக்கக் கடமைப்பட்டவன் ஒருபோதும் கதைத்தலைவன் ஆக முடியாது.

இனி, இதே அளவுகோலை நம் அண்டை வீட்டாருக்கும் பயன்படுத்த வேண்டும். பழைய தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் பேச்சும் பஞ்சமும் பொதுவான இந்நிலப்பகுதியை நாவலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் இமையம். 1994இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’ நாவலின் ஆரோக்கியம் புதிரை வண்ணார் குலத்துக் கிறித்தவப் பெண். தலித் மக்களுக்குத் துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, சாவுச் சடங்கு செய்து, இரவில் வீடுதோறும் சோறெடுத்து வாழ்பவள். ஒடுக்கப்பட்டோருக்கும் கீழே ஒருவரை நாவல் காட்டியதால் கடும் விவாதம் எழுந்தது. தலித் விமர்சகர் ராஜ் கௌதமன் அதனை மறுத்து எழுதினார். ஒரு சமூகத்தின் உட்பிளவைப் பொதுவெளியில் வைப்பது எதிரிக்கு வாள் கொடுப்பதாகாதா என்னும் அச்சம் இத்தகைய விவாதங்களில் எப்போதும் உண்டு. முஸ்லிம் வாசகர்க்கு அந்த அச்சம் அந்நியமானதன்று.

ஆனால் நாவலை ஊன்றிப் படிப்பவர் ஒன்றை உணர்வார். ஆரோக்கியம் விடுதலைக் குரல் எழுப்பும் மாதிரிப் பாத்திரமாகப் படைக்கப்படவில்லை. தன்னை நசுக்கும் பழைய முறையையே விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருப்பவள் அவள். களத்துமேட்டில் அளக்கும் தானியம் குறைகிறதே என்று புலம்புகிறாளேயன்றி, அந்த முறையே ஒழியட்டும் என்று அவளால் எண்ண முடியவில்லை. இந்த முரண்தான் அவளை அனுதாபத்துக்குரிய பொருளாக எஞ்சவிடாமல் காக்கிறது. 2006இல் வந்த ‘செடல்’ நாவலில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டுப் பின் கூத்தாடியாகும் பெண்ணிடமும் இதே நிமிர்வு உண்டு.

இவற்றுக்கு அருகில் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யை வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1990களில் வெகுசன இதழொன்றில் தொடராக வந்த இந்நாவல், சுயம்பு என்னும் மாணவன் மேகலையாக மாறும் கதையைச் சொன்னது. சித்திரை மாதத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குச் செல்லும் திருநங்கையர் விழுப்புரத்தில் வந்து தங்குவதை இவ்வூரார் ஆண்டுதோறும் காண்கின்றனர்; கண்டவர்களுள் பெரும்பாலோர் வேடிக்கை பார்த்தவர்களே. அந்த வேடிக்கைப் பார்வையை உடைத்த சமுத்திரத்தின் துணிவைப் போற்றத்தான் வேண்டும். எனினும், மேகலை பல இடங்களில் தானாக வாழ்வதைவிட வாசகருக்குப் பாடம் புகட்டுவதிலேயே அதிகம் ஈடுபடுகிறாள். ஆசிரியரின் பரிவு அவளை முந்திச் சென்றுவிடுகிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் தன்வரலாறாக வந்தபோது இவ்வேறுபாடு தெளிவாயிற்று. அங்கே பேசுபவர்க்கு எவருடைய பரிவும் தேவைப்படவில்லை. வாசிப்புக் கணக்கில் இரண்டும் ஒவ்வொரு கோடாகவே விழும். வாசகர் மனத்தில் அவை சமமாக விழா.

கணக்கின் இன்னொரு பயன் இல்லாதவர்களைக் காட்டுவது. திண்டிவனத்தை ஒட்டிய செங்கல் சூளைகளிலும் ஏரிக்கரைகளிலும் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. 1990களில் அவர்களுடைய பாதுகாப்புக்கான இயக்கத்தைப் பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்திலிருந்தே முன்னெடுத்தார். அவர்களைப் பற்றி வழக்குகளும் அறிக்கைகளும் உண்டு. 2021இல் ‘ஜெய் பீம்’ திரைப்படமும் வந்தது. அப்படத்துக்கு மூலமான 1993ஆம் ஆண்டு வழக்கில் காவலில் இறந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். திரையில் அவர் இருளராக்கப்பட்டார். நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஒருவருடைய துயரத்தை மற்றொருவர் பெயரில் எழுதிவிடலாம் என்றால், இருவருமே ஆளற்ற அடையாளங்களாகி விடுகின்றனர். பன்முகப் பாத்திரங்களை வெறும் பட்டியலாகக் கருதும் வாசிப்புக்கும் இதே ஆபத்து உண்டு.

கடைசியாக, கணக்கு நம் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும். 2004இல் வந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ ராபியா என்னும் சிறுமியின் கண்வழி முஸ்லிம் பெண்களின் அடைபட்ட உலகைத் திறந்தது. 2006இல் கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ முஸ்லிம் ஊருக்குள்ளேயே மேல், கீழ் உண்டு என்பதைச் சொன்னது. இத்தகைய நாவல்கள் வரும்போதெல்லாம் நம்மிடையே எழும் மனக்குறை ஒன்று: எழுதுவதுதான் எழுதினார்கள், கொஞ்சம் நல்லவிதமாக எழுதியிருக்கலாகாதா? வெளியே பகை சூழ்ந்திருக்கும் காலத்தில் இம்மனக்குறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அது கேட்பது என்ன? மீண்டும் முகமது கானையே கேட்கிறது. பிறர் நம்மைத் துணைப் பாத்திரமாக்கிய காலம் போய், நாமே நம்மைக் குறையற்ற தோழர்களாகச் சித்திரித்துக்கொள்ளும்படி வேண்டுகிறது. ராபியாவின் ஆவலையும் அவளைச் சுற்றிய பெண்களின் சினத்தையும் தாங்கிக்கொள்ள இயலாத வாசகர், ஆரோக்கியத்தை எவ்வளவு பரிவோடு படித்தாலும் அவளை வேடிக்கை பார்த்தவரே ஆவார்.

எனவே விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓராண்டுக்குப் பத்து நாவல் என்று தொடங்கும் வாசகர்க்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கலாம். பட்டியலைத் தொலைதூர நாடுகளிலிருந்து தொடங்க வேண்டாம். தம் ஊரிலிருந்து நாற்பது, ஐம்பது கல் தொலைவுக்குள் தொடங்கட்டும். ஒவ்வொரு நாவலையும் முடித்தபின், தலைமைப் பாத்திரம் யார் என்பதோடு மேலும் இரண்டு வினாக்களைக் கேட்கட்டும்: அவருக்குச் சொந்தத் தெரு இருக்கிறதா? தவறு செய்ய அனுமதி இருக்கிறதா? தமிழ் முஸ்லிம் நாவலில் அதிகம் பேசப்பட்ட களங்கள் தென்கோடிக் கடற்கரையிலும், துவரங்குறிச்சி, பழனிப் பகுதிகளிலும் அமைந்தவை. தமிழும் உருதுவும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து முஸ்லிம் வாழ்வும் அவ்வரிசையில் உரிய இடம்பெற வேண்டும். அது வரும் நாளில், அதன் நாயகன் நாம் விரும்பும்படி நல்லவனாக இல்லாவிட்டாலும் அவனைக் கைவிடாத வாசகர்கள் வேண்டும். வாசிப்புச் சவால் அத்தகைய வாசகரை உருவாக்குமானால், அந்தக் கணக்கு வீண்போகாது.