மாற்றமுடியாத முடிவும் நமது மௌனமும்

1995 முதல் ஆண்டுதோறும் இணையத்தில் நடைபெறும் ஊடாட்டப் புனைகதைப் போட்டியில் வாசகரே நடுவர். கட்டளையைத் தட்டச்சிட்டால் கதை நகரும். அதிகபட்சம் இரண்டு மணிநேரம் விளையாடிப் பத்துக்குள் புள்ளியிட வேண்டும்.

1998இல் முதலிடம் பெற்ற அடம் காட்ரேயின் 'போட்டோபியா'வைப் பொயிண்ட் குக் வீட்டில் இருமுறை விளையாடினேன். எதைத் தட்டச்சிட்டாலும் அதில் வரும் இளம்பெண் வீதிவிபத்தில் இறந்தேபோகிறாள். வாசகருக்குச் சுதந்திரமில்லை என்று குறைகூறுவோர் உளர். நான் அதனையே இப்படைப்பின் நேர்மை என்பேன். சில முடிவுகளை எவராலும் மாற்றமுடிவதில்லை.

ஆனால் நம்மவர் இந்த ஆறுதலை அரசியலுக்கும் நீட்டுவது அபத்தம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேறப் புலிகள் இரண்டு மணிநேரம் கொடுத்தனர். அது விபத்தல்ல. அப்போது மாணவனாயிருந்த நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்பது நாம் சொல்லிப்பார்த்துக் கண்ட முடிவல்ல.