கம்பிக்கு மேலே முகவாய்

உள்ளங்கைகள் வெளிப்பக்கம் பார்க்கக் கம்பியைப் பிடித்து, கைகளை முழுக்க நீட்டி அசையாமல் தொங்க வேண்டும். முகவாய் கம்பியைத் தாண்டும்வரை உடம்பை இழுத்து, மறுபடி முழுத் தொங்கலுக்கு இறங்க வேண்டும். புல்-அப் என்பது இவ்வளவுதான். காலை உதைத்தோ ஊஞ்சலாடியோ எழும்பினால் கணக்கில் சேராது. உள்ளங்கைகளைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தால் அது சின்-அப். பைசெப்ஸ் தசை கூடுதலாகக் கைகொடுப்பதால் சற்று எளிது. பல பெண்களுக்கு முதலில் வசப்படுவது இதுதான்.

60 கிலோ எடையுள்ள பெண் ஒரு புல்-அப் எடுக்கிறார் என்றால், கிட்டத்தட்ட அந்த 60 கிலோவையும் அரை மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார். பெரும்பங்கு வேலை, அக்குளுக்குக் கீழே முதுகில் விசிறிபோல விரியும் லாட்ஸ் தசைக்கு. கிணற்றுச் சகடையில் கயிற்றைக் கீழே இழுக்கும்போதும் உழைப்பது அதே தசைதான். அங்கே மேலே வருவது குடம், இங்கே இழுப்பவரே. பெண்களின் மேலுடல் வலு சராசரியாக ஆண்களுடையதில் பாதியைச் சற்றே தாண்டும். கால்களில் இந்த இடைவெளி குறைவு. உடல் எடையில் கொழுப்பின் பங்கும் பெண்களுக்கு இயல்பிலேயே அதிகம். தூக்கும் தசை குறைவு. தூக்க வேண்டிய சுமையோ அதற்கேற்பக் குறைவதில்லை.

இந்தக் கணக்கைக் காட்டி 'பெண்களால் ஆகாது' என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 17 பெண்கள் மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி எடுத்தார்கள். முடிவில் ஒரு புல்-அப் எடுத்தவர்கள் 4 பேர். அமெரிக்க மரீன் படை 2014 முதல் பெண்களுக்கும் குறைந்தது மூன்று புல்-அப் என்று விதிக்க இருந்தது. 2013 இறுதியில் பயிற்சி முகாமில் 55 சதவீதப் பெண்களால் மூன்று எடுக்க முடியாததால் விதி தள்ளிப்போனது. மீதி 45 சதவீதம் பேர் எடுத்தார்கள் என்றும் அதே கணக்கைப் படிக்கலாம். அப்படையின் அதிகாரி மிஸ்டி போஸி ஒரு புல்-அப் கூட வராத பெண்களுக்கென்றே பயிற்சித் திட்டம் எழுதினார். புல்-அப் வர வேண்டுமானால் கம்பியில் புல்-அப்பையே பழக வேண்டும் என்பது அதன் சாரம். கம்பிப் பக்கம் நின்று கவனித்தவர்கள் அவர் கட்சியில்தான் சேருவார்கள்.

பழக்கம் சும்மா தொங்குவதில் தொடங்குகிறது. பிறகு, முழங்கை மடங்காமல் தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழே இறக்கப் பழகுவது. உடம்பு இரண்டு விரற்கடை எழுந்து தாழும். பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. ஆனால் காதை ஒட்டி நின்ற தோள் விலகி இறங்கும், கழுத்து நீண்டு தெரியும். இது வராதவர் கையால் மட்டும் இழுத்துப் பாதியில் நின்றுபோவார், தோளையும் நோகடித்துக்கொள்வார்.

அடுத்தது நெகட்டிவ். ஸ்டூல்மேல் ஏறி, முகவாயைக் கம்பிக்கு மேலே கொண்டுபோய், காலை எடுத்துவிட்டு மெல்ல இறங்குவது. ஏற்ற முடியாத எடையையும் தசையால் தாங்கி இறக்க முடியும் என்பதே இதன் சூட்சுமம். ஆரம்பத்தில் உடம்பு பொத்தென்று கீழே வந்துவிடும். முழங்கை செங்கோணமாகும் இடத்தில் முன்கை நடுங்கும், மூச்சு தொண்டையில் நிற்கும், அப்புறம் சரிவுதான். சில வாரங்களில் அதே இடத்தை ஐந்து நொடி எடுத்துக் கடப்பார். ஏறும்போது கைதட்டுகிறவர்கள் இறங்குவதைப் பார்ப்பதில்லை. தேர்ந்த கண் பார்ப்பது இறக்கத்தைத்தான். கடைசிக் கால்பங்கும் மேலே இருந்த நிதானத்தோடே இறங்கினால், முதல் புல்-அப் வாசலுக்கு வந்துவிட்டது. வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் கூடுதலாகத் தெரியும், தலைவாரக் கையைத் தூக்கும்போது. ஆகவே நாலைந்து இறக்கம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

ஜிம்களில் பலரும் கொடுப்பது ரப்பர் பேண்ட். கம்பியில் மாட்டி முழங்காலை அதில் வைத்தால் எடையில் ஒரு பங்கை அது தாங்கும். குறை என்னவென்றால், நன்றாக இழுபட்டிருக்கும் அடிப்பகுதியில்தான் அதன் உதவி மிக அதிகம். மேலே போகப் போகத் தளர்ந்துவிடும். தொங்கலிலிருந்து கிளம்பும் முதல் அசைவோ பலருக்குத் தகராறான இடம். அதைப் பேண்டே செய்துவிடுகிறது. பேண்டில் பத்து எடுப்பவர் வெறுங்கம்பியில் அசையாமல் நிற்பது இதனால்தான்.

சிலருக்கு ஏற்றம் நெற்றி உயரத்தில் மாதக்கணக்கில் முட்டி நிற்கும். அப்போது முகவாயை நீட்டிக் கம்பியைத் தொடப் பார்ப்பது வழக்கமான கள்ளத்தனம். கழுத்து சுளுக்குவதுதான் மிச்சம். உச்சியில் முகவாயை நிறுத்திப் பத்து நொடி பிடித்துப் பழகுவதே மருந்து. இதற்குள் விரலடிகளில் காய்ப்பு விழுந்திருக்கும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தாவிட்டால் ஒருநாள் தோலோடு பிய்ந்து ஒரு வாரத்தை வீணாக்கும்.

முதல் புல்-அப் வந்தபின் இரண்டாவதற்கு மேலும் சில வாரங்கள் பிடிக்கலாம். அதுவரை ஒற்றை ஒற்றையாக, இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு விட்டு எடுப்பார்கள். முதலாவதற்குத் தரையில் நின்று மூச்சைச் சேர்த்துக்கொண்டு வரலாம். இரண்டாவதற்கு அந்தச் சலுகை கிடையாது. இறங்கி, கை முழுக்க நீண்டு, தொங்கியபடியே தோளை மறுபடி இறக்கி எழ வேண்டும்.