பெரியவர் என்ன தப்பு பண்ணினார்?

மதுரை கீழமாசி வீதியில் ஓர் ஏ.டி.எம். திருமங்கலம் பக்கத்துப் பெரியவர் 700 ரூபாய் கேட்டார். 'பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது' என்றது திரை. தமிழ்தான்; யாருக்கான தமிழ்?

"கணக்குல பணம் கிடக்கே தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்?"

500 கேட்கச் சொன்னேன். வந்தது. உள்ளே 500 ரூபாய் நோட்டு மட்டும்தான்!

விண்டோஸ் 95 ஞாபகமிருக்கிறதா? புரோகிராம் படுத்துக்கொண்டால், 'சட்டவிரோதச் செயல்' நடந்துவிட்டதாக மிரட்டும். போலீஸ் வருமோ என்று நடுங்கிய பி.காம். ஆசாமி நான். 2001-ல் வந்த எக்ஸ்.பி., அசௌகரியத்துக்கு வருந்தியது. மரியாதை வந்தது, காரணம் வரவில்லை.

'500 ரூபாய் நோட்டுதான் இருக்கு. 500 அல்லது 1,000 கேளுங்க' - இவ்வளவுதானே சார் எழுதணும்? எழுதியவர் ஒருநாள் அந்தப் பெரியவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கலாம்.

மிச்சம் 200-க்கு அவர் அடுத்த ஏ.டி.எம். தேடி வெயிலில் நடந்தார்.